ழகரத்துக்கு இடம் கொடுத்த லேப்டாப்

திங்க்பேட் எக்ஸ்220 வெளிவந்தது 2011-இல். அதற்கு இப்போது விமர்சனம் எழுதக் காரணம் உண்டு. அப்பா இனியாவது பழசைத் தலைமுழுகட்டும் என்று மகள் ஒரு புது லேப்டாப்பை வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டாள். சில வாரங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். காலையில் புதியதைத் திறப்பேன். பத்து மணிக்குள் கை பழையதைத் தேடிப் போயிருக்கும். இது வெறும் பாசமா, இல்லை பழையதில் நிஜமாகவே சரக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

உள்ளே இருப்பதெல்லாம் ஊரறிந்தது. இன்டெலின் இரண்டாம் தலைமுறை ஐ5, 12.5 அங்குலத் திரை, பிற்பாடு நான் போட்டுக்கொண்ட எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். வேகத்தில் புதியதன் கிட்டே நிற்க முடியாது. அதில் வாதமே இல்லை.

சென்னையின் தென்கோடியில் குடியிருப்பவர்களுக்கு இந்த மாதிரி லேப்டாப் எப்படி வந்து சேரும் என்று விளக்க வேண்டாம். சானடோரியம் மெப்ஸிலும் ஓ.எம்.ஆர். அலுவலகங்களிலும் மூன்று நான்கு வருடம் உழைக்கும். கம்பெனி கழித்துக்கட்டியதும் மொத்த விலைக்குப் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டைச் சுற்றிவிட்டு தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் சர்வீஸ் கடைகளின் கண்ணாடி அலமாரிக்கு வரும். என்னுடையதும் அந்த வழியாக வந்ததுதான். யாரோ ஒரு ஐ.டி. ஊழியர் பேரில் ஒட்டிய அசெட் ஸ்டிக்கரின் பசைத்தடம் மூடியில் இன்னும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் கீபோர்டு.

எக்ஸ்220-இல் இருப்பது ஏழு வரிசை கீபோர்டு. ஐபிஎம் காலத்திலிருந்து வந்த வம்சம் அது. 1992-இல் திங்க்பேட் என்ற பெயரில் ஐபிஎம் தொடங்கிய வரிசையை 2005-இல் லெனோவோ வாங்கியது. வாங்கிய பிறகும் சில வருடம் கீபோர்டில் பெரிதாகக் கை வைக்கவில்லை. இந்தச் சின்ன உடம்பில் இருப்பது, 14 அங்குல டி420-க்கும் 15.6 அங்குல டி520-க்கும் போட்ட அதே கீபோர்டு. திரை சிறியது என்பதற்காகக் கீயைச் சுருக்கவில்லை. எஸ்கேப்பும் டெலீட்டும் இரண்டு வரிசை உயரத்துக்கு நிற்கின்றன. ஒவ்வொரு கீயின் நடுவிலும் விரல் நுனி அமர ஒரு மெல்லிய குழிவு. அழுத்தினால் எங்கே இறங்கியது என்று விரலுக்குத் தெரியும்.

இதையெல்லாம் உலகம் முழுவதும் திங்க்பேட் பித்தர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் எழுதாத ஒன்று உண்டு. அது தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பும் மெய்ப்பும். நாள் முழுக்கத் தமிழ்99-இல்தான் அடிக்கிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே வருடம் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். ம்ப, ந்த, ங்க போன்ற ஜோடிகளுக்கும் அப்படியே. ‘தாம்பரம்’ என்று அடிக்க ஏழே தட்டு. ஆங்கில எழுத்து வழியாக அடிப்பவர்களுக்குப் பத்துத் தட்டு ஆகும்.

பதினெட்டு மெய்யில் பெரும்பாலானதை வலது கைக்குக் கொடுத்தால் அங்கே ஆங்கில எழுத்துகள் போதாது. அதனால் ஐந்து மெய்கள் நிறுத்தக்குறிகளின் மேல் குடியேறின. அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் ந, அதற்கடுத்த மேற்கோள் குறியில் ய, சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் ச, ஞ. கேள்விக்குறி இருக்கும் சாய்கோட்டில் ழ. ஐந்துமே கீபோர்டின் வலது ஓரம்.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர் சதுர அடைப்புக்குறியை மாதத்துக்கு எத்தனை முறை தொடுவார்? லேப்டாப் வடிவமைப்பவர்களுக்கும் இது தெரியும். இடம் போதவில்லை என்றால் அவர்கள் முதலில் அரிவாள் வைப்பது அந்த ஓரத்தில்தான். நாம் ய இல்லாமல், ச இல்லாமல் ஒரு வாக்கியத்தைத் தாண்ட முடியுமா? ‘செய்யாதே’ என்று அடிக்க ஏழு தட்டு. அதில் மூன்று வலது ஓரத்தில், அதுவும் சுண்டுவிரலால்.

புது லேப்டாப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த விலையில் கடையில் அடுக்கியிருக்கும் பலவும் ஏறக்குறைய அதே அச்சுதான். 15.6 அங்குலம். வலது பக்கம் எண்களுக்கென்று தனியாக ஒரு கட்டம். கணக்குப்பிள்ளைகளுக்கு அது வசதியாக இருக்கலாம். அந்தக் கட்டத்துக்கு இடம்விட எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் நெருக்கித் தள்ளப்பட்டிருக்கின்றன. என் கை இரண்டும் திரையின் நடுவுக்கு வராமல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கின்றன. ச-வும் ஞ-வும் முக்கால் அகலம். அம்பு கீகளைப் பெரிதாக்கியதில் வலது ஷிஃப்ட் சுருங்கி, மேல்நோக்கு அம்பு சாய்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ‘வாழ்க்கை’ என்று அடிக்கப் போனால் ‘வா’ வரைக்கும் வந்து, ழ-வுக்குப் பதில் அம்பு அழுந்தி, மிச்ச வாழ்க்கை மேல்வரியில் போய் உட்கார்கிறது. டெலீட்டுக்குப் பக்கத்திலேயே பவர் பட்டன். வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில், 2024-இலிருந்து புதுக் கணினிகளில் முளைக்கத் தொடங்கிய கோபைலட் கீ. கேட்காமலே உதவிக்கு வந்து நிற்கிறது.

வெளியிலிருந்து ஒரு கீபோர்டை மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். மேஜையில் சரி. தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் மடியில் வைத்து மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு அது கதைக்காகாது.

பழையதில் எஃப் என்ற எழுத்து முழுசாக அழிந்துபோய்விட்டது. தமிழ்99-இல் புள்ளி வைக்கும் கீ அதுதான். எத்தனை லட்சம் புள்ளி வைத்திருப்பேனோ தெரியாது. இதே கணினியில் ஆங்கிலம் மட்டும் அடித்திருந்தால் அழிந்திருப்பது வேறு எழுத்தாக இருந்திருக்கும்.

லெனோவோவின் மேல் எனக்கு மரியாதை உண்டு, கோபமும் உண்டு. 2012-இல் எக்ஸ்230 வந்தபோது ஏழு வரிசையை ஆறாக்கி, தட்டையான தனித்தனிக் கட்டங்களாக மாற்றிவிட்டார்கள். பழைய கீபோர்டைக் கழற்றி எக்ஸ்230-க்குள் பொருத்தி, அதற்கேற்ப உள்மென்பொருளையும் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உலகில் கணிசமாக இருக்கிறார்கள். 2017-இல் திங்க்பேடின் 25-ஆம் ஆண்டுக்கு ஏழு வரிசையோடு ஒரு சிறப்புப் பதிப்பை விட்டார்கள். அதோடு சரி. வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, கொடுக்கத்தான் மனம் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஸ்பேஸ் பார் மக்கர் செய்தபோது மேற்குத் தாம்பரத்துக் கடை ஒன்றுக்குத் தூக்கிப்போனேன். கடைத் தம்பி லேப்டாப்பைக் கவிழ்த்தார். எந்தத் திருகு கீபோர்டுக்கு உரியது என்று அடிப்பாகத்திலேயே சின்னப் படம் குறித்திருக்கிறது. அவற்றைக் கழற்றி, நிமிர்த்தி, கீபோர்டைத் திரைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளித் தூக்கினார். மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. இப்போது வரும் பல லேப்டாப்களில் கீபோர்டை மேல்பலகையோடு சேர்த்து அடித்துவிடுகிறார்கள். ஒரு கீ போனால் பலகையே போனது. “சார், இதுல இனிமே காசு போடாதீங்க. பேட்டரி ஒரிஜினல் வராது, வர்றதெல்லாம் டூப்ளிகேட்தான்” என்று சொல்லிக்கொண்டே பிரஷால் தூசியைத் தட்டினார். மூடிக் கொடுக்கும்போது, “விக்கிறதா இருந்தா மட்டும் எனக்கே குடுங்க” என்றார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். யூடியூபில் கொஞ்சம் கனமான வீடியோ ஓடினால் விசிறி இரைகிறது. திரையின் உயரம் 768 புள்ளிதான். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் தெரியாது. வீடியோ அழைப்பில் என் முகம் வாக்காளர் அட்டைப் படம் போல இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். சார்ஜர் தனிச் சுமை.

இன்னொரு பக்கம், பேட்டரியைப் பின்னாலிருந்து உருவி வேறொன்றைச் செருகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தாம்பரம், முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீரும் இருட்டுமாகக் கிடந்தபோது, சார்ஜ் ஏற்றிவைத்திருந்த இரண்டாவது பேட்டரியால்தான் ஒரு வேலையை முடித்தேன். திரைக்கு மேல்விளிம்பில் கீபோர்டை நோக்கி எரியும் ஒரு குட்டி விளக்கு உண்டு. வீட்டில் அப்போது எரிந்த ஒரே மின்விளக்கு அதுதான்.

கடைசி அடி விண்டோஸிடமிருந்து வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 சில்லும். என்னுடையதில் இரண்டும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் காகிதத்தில் செத்துப்போனதாக அறிவித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. லினக்ஸ் மின்ட் போட்டேன். காசு இல்லை. தமிழ்99-ம் அதில் கிடைக்கிறது. லிப்ரே ஆபீஸில் மெய்ப்பு வேலை முன்பைவிடச் சுறுசுறுப்பாகவே நடக்கிறது. வங்கி வேலையும் வீடியோ அழைப்பும் புதியதில், எழுத்து வேலை பழையதில் என்று பாகம் பிரித்துவிட்டேன்.

இப்போது எக்ஸ்220 வாங்கலாமா என்றால், வேண்டாம். நல்ல பேட்டரி கிடைக்காது, திரைக்கும் வயதாகிவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாதீர்கள். புதியது வாங்கப் போகும் தமிழ்99-காரர்கள், கடையிலேயே செட்டிங்ஸில் தமிழ்99-ஐச் சேர்த்து நோட்பேடில் ‘செய்யாதே’, ‘யாழ்ப்பாணம்’ இரண்டையும் பார்க்காமல் அடித்துப் பாருங்கள். தடுக்கினால் அடுத்த லேப்டாப்புக்கு நகருங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்99-ஐத் தரமாக ஏற்ற தமிழக அரசுதான் 2011 முதல் மாணவர்களுக்காக லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கியது. 2025-26 பட்ஜெட்டிலும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. இத்தனை பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனியும் மறுக்காது. அடுத்த டெண்டரில், ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று எழுதும் இடத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: ந, ய, ச, ஞ, ழ ஐந்து கீகளும் மற்றவற்றின் அகலத்திலேயே இருக்க வேண்டும்.