தவளைக்குத் தெரியாத காடு

2015-ல் இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில், மார்ஷ்மெல்லோ லேசர் ஃபீஸ்ட் என்ற கலைக்குழு பாசி ஒட்டிய உருண்டை ஹெல்மெட்டுகளை மரங்களில் தொங்கவிட்டது. மாட்டிக்கொண்டால் நீங்கள் தட்டான், தவளை, ஆந்தை! லேசரால் அளந்த காடு, கலர் புள்ளிகளாக விர்ச்சுவல் ரியாலிட்டியில் மின்னும். முதுகில் அதிரும் பை வேறு.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், தவளை எங்கே? சுற்றிலும் இரை கிடந்தாலும் அசையாவிட்டால் தவளை பட்டினியால் சாகும் என்று 1959-லேயே லெட்வின் குழுவினர் எழுதிவிட்டார்கள். நகராத மரத்தை அது சட்டையே பண்ணாது. அதை அப்படியே காட்டினால் பாதிக் காடு காணாமல் போகும். வரிசையில் நின்றவர் சும்மா விடுவாரா? மனிதக் கண்ணுக்கே விருந்து வைத்துவிட்டு, தவளை என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

ஆந்தை சமாசாரம் இன்னும் மோசம். கூகை கும்மிருட்டிலும் காதை வைத்தே எலி பிடிக்கும். படத்தை அணைத்து, ஹெட்ஃபோனை மட்டும் விட்டிருந்தால் கைதட்டியிருக்கலாம்.