குருக்கத்தி நீர்ப்பூவா?

திருக்கடல்மல்லையில் ஐப்பசி அவிட்டத்தில் பூதத்தாழ்வார் அவதரித்த பூ எது என்பதில் ஸம்ப்ரதாயத்தில் இரு வழக்குகள் உண்டு. அவதார நாளைக் கூறும் வடமொழி ச்லோகம் உத்பலம் என்கிறது. வாழித்திருநாமம் குருக்கத்தி என்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்க விரும்பி, குருக்கத்தியும் நீரில் பூக்கும் மலரே என்று சிலர் ஸமாதானம் கூறக் கேட்கிறோம். அது பொருந்தாது என்பதே அடியேனின் விண்ணப்பம்.

அமரகோசத்தில் உத்பலம் வாரிவர்க்கத்தில் உள்ளது. அதிமுக்தம், புண்ட்ரகம், வாஸந்தீ, மாதவீலதை என்னும் பெயர்களோ வநௌஷதிவர்க்கத்தில் ஒருங்கே படிக்கப்படுகின்றன. அம்மாதவியே தமிழில் குருகு, குருக்கத்தி. திருப்பாவைப் பதினெட்டாம் பாசுரத்தில் குயிலினங்கள் கூவுவது மாதவிப் பந்தர்மேல். நீர்ப்பூவுக்குப் பந்தர் ஏது? பெரும்பாணாற்றுப்படையும், திருவெஃகாவில் பாம்பணைமேல் பள்ளிகொண்டவனைச் சொன்ன உடனே, வெயில் புகாத சோலையில் காஞ்சிமரத்தைச் சுற்றிப் படர்ந்த குருகினைக் காட்டுகிறது.

கண்ணால் காண விரும்புவோர் பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலைச் சரிவில் தேடலாம். அடி தடித்து, அருகிலுள்ள மரத்தைப் பற்றி ஏறும் கொடி அது. வெண்ணிற இதழ்கள் ஐந்தும் ஓரம் கிழிந்தாற்போலிருக்கும். அவற்றுள் ஒன்றில் மஞ்சள் படர்ந்திருக்கும். காய்க்கு மூன்று சிறகுகள். காற்றில் சுழன்று சென்று விழும். அரியலூர்ப் பக்கத்திலோ முந்திரித் தோப்புகளும் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் பரவி, காட்டுக்கொடிகளுக்கு இடம் சுருங்கிவிட்டது. கொடியைக் கண்டறியாத தலைமுறை அதனைக் குளத்தில் தேடுவதில் வியப்பில்லை.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். வாஸந்தீ என்ற பெயரே வஸந்தத்தைக் குறிக்க, அது ஐப்பசியில் பூப்பது எங்ஙனே? இக்கேள்வி உத்பல பக்ஷத்துக்கு வலிமை தருவதே. அதை மறைத்தல் நேர்மையன்று. அயோநிஜரான ஆழ்வாரின் அவதாரத்துக்குப் பருவம் நியமமாகாது என்று குருக்கத்தி பக்ஷத்தார் விடை கூறலாம். எது கொள்ளத்தக்கது என்று தீர்ப்பது அடியேனுக்கு அதிகாரமன்று.

ஆனால், ஒரு சொல்லின் பொருளைத் திரித்து இரண்டு ஐதிஹ்யங்களை ஒன்றாக்குவது ரக்ஷணமாகாது. அதனால் ஒன்று அழியும். நம் பூர்வாசார்யர்கள் ஒரே பாசுரத்துக்கு இரண்டு நிர்வாஹங்களை அருகருகே வைத்து அருளினரேயன்றி, ஒன்றுக்காக மற்றொன்றை மாற்றினாரல்லர். அந்நெறியில் உத்பலம் நீரிலும் குருக்கத்தி நிலத்திலும் இருக்கட்டும். பிழையுண்டாகில் பெரியோர் பொறுத்துத் திருத்தியருள்க.