கதையும் கணக்கும்: ஷாலோம் ஃபிஷ்ஷின் ஆய்வு – ஒரு மதிப்பீடு

தொலைக்காட்சி பிள்ளைகளை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்ற பட்டிமன்றம் நம் வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. இப்போது கைபேசியும் அதில் சேர்ந்துகொண்டது. மொத்தமாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. எந்த நிகழ்ச்சி, எந்த வயசு, பக்கத்தில் யார் என்று பிரித்துக் கேட்க வேண்டும். அப்படிப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஆய்வாளர் ஷாலோம் ஃபிஷ். அவர் கண்டதை நம் பெற்றோர் அறிய வேண்டும். அதில் நமக்குப் போதாததையும் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் நோக்கம் அவ்விரண்டே.

ஃபிஷ், 'செசமி ஸ்ட்ரீட்' தயாரித்த நிறுவனத்தில் பல்லாண்டு ஆய்வுப் பொறுப்பில் இருந்தவர். 1969-இல் தொடங்கிய அந்நிகழ்ச்சி, பள்ளி செல்லும் முன்பே சிறுவர்களுக்குப் பொம்மைகளைக் கொண்டு எழுத்தும் எண்ணும் சொல்லித் தந்தது. நம் நாட்டில் 2006-இல் இந்தியில் வந்த 'கலி கலி சிம் சிம்' அதன் வழிவந்ததே. சம்கி என்ற பொம்மையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

2000-ஆம் ஆண்டு ஃபிஷ் ஒரு கொள்கையை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான். ஒரே நேரத்தில் மனசு தாங்கும் சுமைக்கு அளவு உண்டு. நிகழ்ச்சி பார்க்கும் பிள்ளை கதையையும் புரிந்துகொள்ள வேண்டும், பாடத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் தூர தூரமாக இருந்தால் இடத்துக்குச் சண்டை போடும். கதையே ஜெயிக்கும், பாடம் வெளியே நிற்கும். பாடம் இல்லாமல் கதை நகராது என்ற அளவுக்கு நெருங்கி இருந்தால், கதையைப் பிடிக்கிற பிள்ளை பாடத்தையும் சேர்த்தே பிடிக்கும்.

உதாரணமாக, 1987-இல் தொடங்கிய 'ஸ்கொயர் ஒன் டிவி' என்ற கணித நிகழ்ச்சியில் இரண்டு துப்பறிவாளர்கள் வருவார்கள். கணக்குப் போட்டால்தான் திருடன் அகப்படுவான். ஃபிஷ்ஷும் உடன் ஆய்வாளர்களும் டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அதைச் சோதித்தார்கள். 30 நிகழ்ச்சிகள் பார்த்த பிள்ளைகள், பார்க்காதவர்களைவிடப் புதுக் கணக்குகளைப் பல வழிகளில் முயன்று பார்த்தார்கள் என்பது தெரிந்தது.

இந்த உண்மை நாம் வாழும் கன்னட மண்ணுக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் மகாவீராச்சாரியார் 'கணித சார சங்கிரகம்' இயற்றினார். சென்னையில் 1912-இல் ரங்காச்சாரியார் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். என் சமயத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை; அதிலுள்ள கணக்குகளைப் பாருங்கள். முத்துமாலை அறுந்து முத்துகள் சிதறுகின்றன. இங்கே இத்தனை பங்கு, அங்கே இத்தனை பங்கு என்றால் மாலையில் மொத்தம் எத்தனை முத்து? மாதுளையும் மாம்பழமும் விளாம்பழமும் வெவ்வேறு விலை. கையிலுள்ள பணத்துக்குச் சொன்ன விகிதத்தில் வாங்கி வர வேண்டும். கணக்கைப் போடாமல் கதை முடியாது. ஃபிஷ் சொல்லும் நெருக்கம் இதுவே அல்லவா? வியாபாரம் செய்கிறவனுக்கு இது ஒரே பார்வையில் விளங்கும்.

இனிக் குறைக்கு வருவோம். ஃபிஷ்ஷின் கொள்கைக்கு நடுவில் இருப்பது ஒரு பிள்ளையின் மனசும் ஒரு நிகழ்ச்சியும்தான். மொழியை அவர் மறந்தார் என்று சொல்ல முடியாது. மொழித்திறனை ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறார். ஆனால் அதைப் பிள்ளைக்குள் இருக்கும் திறமையாகவே வைத்தார். நம் மர்பி டவுன் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், திரையில் பாதி நேரம் இந்தி. இந்தப் பிள்ளைக்குத் திறமை குறைவா? இல்லவே இல்லை. அதன் மனசில் கதை, பாடம் இரண்டோடு மூன்றாவதாக மொழியும் இடம் கேட்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேருக்குப் போட்ட திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்தால் யார் கீழே விழுவார்? முதலில் விழுவது பாடம்தான். பாட்டை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளை, அதன் பொருளைக் கேட்டால் விழிப்பது இதனால்தான் என்பது என் கருத்து.

இந்தச் சுமையை இறக்கி வைக்கக்கூடியவர் பக்கத்தில் உட்காருகிற பெரியவர். செசமி ஸ்ட்ரீட் காரர்களே இதை உணர்ந்து, பெற்றோரும் கூட உட்காரட்டும் என்று பெரியவர்கள் ரசிக்கும் வேடிக்கைகளையும் சேர்த்தார்கள். இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுச் சான்றே உண்டு. குஜராத்தில் ஞான்சாலா பள்ளிகளில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வழிக் கணிதம் கொடுத்ததை லீ லிண்டன் என்ற ஆய்வாளர் அளந்து, 2008-இல் முடிவைச் சொன்னார். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தபோது, பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். அதே கணினியைப் பள்ளி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். படிப்பில் பலவீனமானவர்களுக்கே அதிக லாபம். பெட்டியும் பாடமும் ஒன்றுதான். ஆள் இடத்தில் வைத்ததா, ஆளோடு வைத்ததா என்பதே வித்தியாசம்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? 'நமக்கு இங்கிலீஷ் வராது, அதுவே சொல்லிக் கொடுக்கட்டும்' என்று பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார். அவரோடு பிள்ளையின் தமிழ் அறிவியலும் எழுந்து போகிறது. நீர் ஆவியாகி மேகமாவதைத் திரை இங்கிலீஷில் காட்டட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்ததும் அதே பாட்டி உலை மூடியைத் திருப்பிக் காட்டி, 'இந்தத் தண்ணி எப்படிடா மேலே வந்துச்சு?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளை தான் பார்த்ததைத் தமிழில் சொல்லத் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் கற்றல். கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ண வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். 100 முள் என்றால் 120 சுளை. பலாப்பழக் காலத்தில் ஒரு பழம் வாங்கி, பேரப்பிள்ளையை முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு வெட்டி எண்ணச் சொல்லுங்கள். சரியாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்கும். அதுவே அறிவியலின் வாசற்படி.

ஃபிஷ் நமக்கு நல்ல தராசு ஒன்று கொடுத்தார். எந்த நிகழ்ச்சியில் பாடமும் கதையும் ஒட்டி இருக்கின்றன என்று அதில் நிறுத்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மொழியின் எடையையும், பக்கத்தில் இருக்கும் மனிதரின் எடையையும் அந்தத் தட்டில் நாம்தான் சேர்க்க வேண்டும். தாய்மண்ணை விட்டு வந்து குடியேறிய நமக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இந்த இரண்டுமே கனமானவை.