யாரை நோக்கிப் பாடுகிறார் மாயா?

2016இல் ‘எய்ம்’ வந்தபோது, இதுதான் என் கடைசித் தொகுப்பு என்று அறிவித்தவர் எம்.ஐ.ஏ. என்கிற ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம். ரசிகர்களுக்கு மாயா. ஆறு ஆண்டு கழித்து, 2022 அக்டோபரில், ‘மாதா’ என்ற ஆறாவது தொகுப்போடு திரும்பி வந்தார். வந்ததே போதும் என்று கொண்டாடினார்கள் சிலர்; பழைய மாயா இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள் சிலர். இரண்டிலும் எடைபோடுதல் இல்லை. திரும்பி வந்த கலைஞரை, அவர் விட்டுச்சென்ற இடம் எது, அவர் இல்லாதபோது அங்கே என்ன முளைத்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

விட்டுச்சென்ற இடம் பெரியது. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்கு நடுவே வளர்ந்து, அகதியாக மறுபடி லண்டன் சேர்ந்தவர் அவர். தாயின் பெயரைச் சூட்டிய ‘கலா’ (2007) இன்றும் அவருடைய உச்சம். ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து இளையராஜாவின் தாளத்தை எடுத்து ஒரு பாட்டின் முதுகெலும்பாக்கினார். சென்னையில் உறுமிக் கலைஞர்களை உட்காரவைத்து ‘பாய்ஸ்’ பாட்டைப் பதிவுசெய்தார். திண்டுக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு அது வெறும் அலங்காரமாகத் தெரியாது. பாட்டையே இழுத்துக்கொண்டு போவது அந்த உறுமல்தான்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே. தி கிளாஷ் என்ற பிரிட்டனின் பங்க் குழு 1982இல் வெளியிட்ட, குடியேறிகளின் துயரம் பேசும் ஒரு பாட்டின் கித்தார் இழையை எடுத்து, அதன்மேல் விசாவுக்கு அலைக்கழிக்கப்பட்டவளின் குரலை வைத்தார். துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டி மணியும் பல்லவிக்கே தாளமாயின. குடியேறி வந்தவர்களைத் திருடர்களாகப் பார்க்கும் கண்களை நோக்கி அவர் பாடினார். யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது.

யாரை நோக்கிப் பாடுகிறார் என்ற இந்த அளவுகோலை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நான் இருப்பது அட்டுவம்பட்டியில். இங்கிருந்து சிறிது தூரத்தில், கொடைக்கானலில், பாம்பார் சோலைக்கு மேலே இருந்தது யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை. மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2001இல் அது மூடப்பட்டது. 2015 ஜூலையில் சென்னையின் சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜின் மெட்டொன்றை எடுத்துக்கொண்டு, யூனிலீவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே ‘கொடைக்கானல் வோன்ட்’ பாடினார். கடன் வாங்கிய மெட்டு, ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணின் ராப், கூட்டம் கூட்டமாய் ஆடும் உடல்கள்: எல்லாம் மாயா திறந்துவிட்ட வழி. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு நிவாரண உடன்பாடு ஏற்பட்டது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டாகப் போராடி வந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு முகவரி இருந்தது. மண்ணைச் சுத்தம் செய்வதில் இங்கிலாந்துக்கு ஒரு நியாயம், இந்தியாவுக்கு ஒரு நியாயமா என்று 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சோஃபியாவும் சேர்ந்து கேட்ட அடுத்த பாட்டுக்கும் அது இருந்தது.

இப்போது ‘மாதா’. பதின்மூன்று பாடல்கள், அரைமணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஒலியில் குறை சொல்ல அதிகமில்லை. ‘100% சஸ்டெய்னபிள்’ பாட்டில் குழந்தைகளின் குரலும் கைத்தட்டலுமே போதும் என்று துணிந்திருக்கிறார். பெரிய ஸ்டுடியோக்கள் எட்டாத உயிர்ப்பு அதில் இருக்கிறது. ‘புத்தி’யில் தமிழின் ஓசை பாட்டின் நடுவில் வந்து நிற்கிறது. ஆங்கிலப் பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக அது இல்லை.

சறுக்கல் தொடங்குவது ‘பாப்புலர்’ பாட்டில். ‘பேப்பர் பிளேன்ஸ்’ காலத்துக் கூட்டாளி டிப்லோவோடு மறுபடி சேர்ந்து செய்தது. சமூக ஊடகப் புகழைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம் என்பது புரிகிறது. ஆனால் கிண்டல் எங்கே முடிகிறது, தற்பெருமை எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை அவர் கூர்மையாகப் போடவில்லை. ‘தி ஒன்’ பாட்டிலும் மையம் அவரே. 2015இன் கடைசியில் ‘பார்டர்ஸ்’ பாட்டில் வேலிகளையும் படகுகளையும் காட்டி உலகைக் கேள்வி கேட்டவரிடமிருந்து, தன்னையே சுற்றிவரும் வரிகளைக் கேட்பது வருத்தமாக இருக்கிறது.

அவர் தரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2009இல் இலங்கைப் போர் முடிந்த விதம் தமிழர் எல்லோரின் நாவையும் உலர்த்தியது. சாகும்வரை ஈழத்தின் செய்தியாளராகவே இரு என்று எந்தக் கலைஞரையும் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. பிறகு அவர் இயேசுவைப் பற்றிக்கொண்டது உண்மையான மாற்றம். அதைக் கேலி செய்தவர்கள் சிறுமைப்பட்டார்கள். தமிழில் பக்தி என்பதே எதிரில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பேசுவதுதான். சுந்தரர் இறைவனோடு உரிமையாகச் சண்டை போட்டார். அந்த மரபை அறிந்தவருக்கு, உலகுக்கு ஓர் அற்புதம் வேண்டி நிற்கும் ‘மேரிகோல்ட்’ மென்மையாக ஒலிக்கும்; யாரிடம் கேட்கிறார், எதற்காக மன்றாடுகிறார் என்ற கூர்மை அதில் கிடைக்காது.

இதற்கிடையே களமும் மாறிவிட்டது. 2021இல் அறிவும் தீயும் சந்தோஷ் நாராயணன் இசையில் தந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் நினைவை உலகெங்கும் கொண்டுபோனது. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இந்த மலைகளில் வந்து சேர்ந்த குடும்பங்களின் கதையும் அதுவே. தமிழ்த் தாளம் உலக மேடையில் கேட்பது 2007இல் அதிசயம். 2022இல் அது வழக்கம். ஒலியின் புதுமை தீர்ந்த பிறகு, சொல்தான் பாரத்தைச் சுமக்க வேண்டும். ‘மாதா’வில் சொல் அதைச் சுமக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: ‘எய்ம்’ தொகுப்பைவிட மேல், ‘கலா’வைவிட வெகு கீழ். கைத்திறன் போகவில்லை, இலக்குதான் கலங்கியிருக்கிறது. இங்கே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்து மாணவி யாராவது மாயாவை எங்கே தொடங்கிக் கேட்பது என்று கேட்டால், ‘கலா’வை முழுசாகக் கொடுப்பேன், ‘மாதா’விலிருந்து ‘100% சஸ்டெய்னபிள்’, ‘புத்தி’ இரண்டையும் கூடச் சேர்த்துக் கொடுப்பேன்.