பேருந்துக்காரர் கால்சட்டையும் லாரிக்காரர் கைலியும்
(ஒரு புகழ்பெற்ற ஆய்வைப் பற்றிய விமர்சனம்)

மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர் கீழக்குயில்குடி. மலையடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் உண்டு. மேலே ஏறினால் சமணத் துறவிகள் வாழ்ந்த இடங்களையும், அவர்கள் காலத்துச் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். உணவைக் குறைப்பதை ஒரு தவமாகக் கொண்டவர்கள் அவர்கள்.

இவ்வூர்ப் பக்கத்திலிருந்து நெடுந்தூர லாரி ஓட்டப் போகும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பத்திரண்டு. மதுரையில் லோடு ஏற்றி, சேலம், பெங்களூரு, ஐதராபாத் வழியாக நாகபுரி போய்ச் சேர வேண்டும். சுமார் 1500 கிலோமீட்டர். மருத்துவர் அவரிடம், "எடையைக் குறையுங்கள், தினம் அரை மணி நேரம் நடங்கள், இரவு எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள்" என்கிறார். நம் ஓட்டுநர் பணிவோடு தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறுகிறார். இவற்றில் ஒன்றைக்கூட அவரால் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த அறிவுரைகள் தவறானவை அல்ல. ஆனால் அவை யாரை ஆராய்ந்து பெறப்பட்டவை? "உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு ஆபத்து" என்ற கருத்துக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அந்த ஆய்வை இங்கே சற்று உரசிப் பார்ப்போம்.

ஆய்வு சொன்னது என்ன?

1953ஆம் ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் ஜெரி மாரிஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலண்டன் போக்குவரத்துத் துறையில் வேலை செய்த, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 31,000 ஆண்களின் மாரடைப்புக் கணக்கை அவர்கள் எடுத்திருந்தார்கள். இலண்டன் பேருந்துகள் மாடி வைத்தவை. ஓட்டுநர் வேலை நேரத்தில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார்.

ஒரே நிறுவனம், ஒரே வண்டி, ஏறத்தாழ ஒரே சமூக நிலை. ஆயினும் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் மாரடைப்பு நோய் கண்டவர்கள் நடத்துநர்களில் 1.9, ஓட்டுநர்களில் 2.7. நடத்துநர்களுக்கு நோய் சற்றுப் பிந்தி வந்தது. வந்தாலும் உயிர் பிழைத்தவர்கள் அதிகம்.

இந்த ஆய்வின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பணமும் கருவியும் அதிகமின்றி, வேலையே ஒரு சோதனைக்கூடமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததுதான் மாரிஸின் திறமை. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய பிற்கால ஆராய்ச்சிகளுக்கெல்லாம் இது அடிக்கல்.

கால்சட்டை எழுப்பிய கேள்வி

இங்கே ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, ஓட்டுநர் வேலை அவர்களைக் கெடுத்ததா? அல்லது முன்பே அப்படிப்பட்டவர்கள்தாம் ஓட்டுநர் வேலையைத் தேடிப் போனார்களா?" என்று கேட்டால், அவருக்கு முழு மதிப்பெண் தரலாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் மாரிஸும் ஒருவர் என்பதுதான் சிறப்பு. 1956இல் அவர் மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுதான் அதற்கு ஆதாரம்! எந்த வயதில் பார்த்தாலும் ஓட்டுநரின் கால்சட்டை நடத்துநருடையதைவிடப் பெரிதாக இருந்தது. இளம் வயதினரிடமே இந்த வேற்றுமை தென்பட்டது. 1967இல் வெளியான வேறோர் ஆய்வு, இளம் ஊழியர்களிடையே உடலமைப்பிலும் இரத்தக் கொழுப்பிலும் வேறுபாடு இருந்ததைக் காட்டியது.

அப்படியானால் ஆய்வு தோற்றுவிட்டதா? இல்லை. பிற்பாடு இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும், ஒல்லியானவர், நடுத்தரமானவர், பருமனானவர் என்ற எல்லாப் பிரிவிலும் நடத்துநரின் நிலையே மேலாக இருந்தது. ஆகவே உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற கருத்து நிற்கிறது. ஆனால் "உட்கார்ந்து வண்டி ஓட்டினால் உடல் பருக்கும்" என்று இந்த ஆய்வு நிறுவிவிட்டது எனப் பலர் எழுதுகிறார்களே, அது நிற்கவில்லை. இதயத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை எடைக்கான விடையாகத் திரித்துவிட்டோம். இதுவே நமது முதல் குறைபாடு.

கிளீனர் சாட்சியாவாரா?

"நம் லாரியிலும் ஒரு நடத்துநர் உண்டே!" என்று உங்களில் யாராவது சொல்லலாம். உண்மைதான். அவர்தான் கிளீனர். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இறுக்குவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைப்பது, கண்ணாடி துடைப்பது, பின்னால் வரும்போது தட்டிச் சைகை காட்டுவது எல்லாம் அவர் வேலை. ஓட்டுநர் உண்ட அதே பரோட்டாவை அவரும் உண்கிறார். ஆனாலும் அவர் ஒல்லியாக இருக்கிறார்.

இந்தச் சாட்சியை அப்படியே ஏற்க முடியாது. கிளீனருக்குப் பெரும்பாலும் இருபது வயது, ஓட்டுநருக்கு நாற்பது. இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த ஓட்டுநரும் ஒல்லியான கிளீனராக இருந்திருக்கலாம். வேலை வேற்றுமையோடு வயது வேற்றுமையும் கலந்துவிட்டால், எதனால் எது விளைந்தது என்று பிரித்தறிய முடியாது. மாரிஸ் வயது வாரியாகப் பிரித்துப் பார்த்ததன் அருமை இங்கேதான் நமக்குப் புரிகிறது.

இன்று பல லாரிகளில் கிளீனரே இல்லை. அதே நேரத்தில் ஓட்டுநர் கீழே இறங்கும் சந்தர்ப்பங்களும் குறைந்துவிட்டன. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. பவர் ஸ்டியரிங் கைகளின் உழைப்பைக் குறைத்தது. இவை யாவும் நல்ல மாற்றங்களே. சாவடியில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் வேலையிலிருந்து கழிந்துபோன அசைவை எங்கே ஈடுகட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை.

இலண்டனில் இல்லாத இரவு

இரண்டாவது குறை இன்னும் பெரியது. இலண்டன் ஓட்டுநர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்கினார். நம்மவர் நான்கைந்து நாள் கேபினிலேயே படுத்து எழுகிறார். அதுவும் வெயில் குறைந்த இரவில் ஓட்டி, பகலின் புழுக்கத்தில் கண்ணயர்கிறார்.

தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. "பசிக்கிறது" என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசியுணர்ச்சி 24 சதவீதம் அதிகரித்தது. 12 பேர், இரண்டு இரவு. இது மிகச் சிறிய ஆய்வு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயினும், இரவு இரண்டு மணிக்குச் சாலையோரக் கடையில் ஓட்டுநருக்கு எழும் பசி வெறும் நாக்கு ருசி அல்ல என்பதற்கு இது ஒரு தடயம்.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு 32 லாரி நிறுத்தங்களில் 1,670 நெடுந்தூர ஓட்டுநர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். அவர்களில் 69 சதவீதம் பேர் மிகுபருமன் உடையவர்கள். அந்நாட்டின் பிற தொழிலாளர்களிடையே இது 31 சதவீதமே. இதுவும் காரணத்தைச் சொல்லும் ஆய்வு அல்ல. ஒரு நாளில் எடுத்த புகைப்படம் போன்றது. ஆனால் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேற்றுமையை ஒவ்வோர் ஓட்டுநரின் மன உறுதிக் குறைவாகக் கருதுவது அறிவுக்குப் பொருந்துமா?

கைலிக்கு அளவு உண்டா?

மாரிஸுக்குத் தையற்காரரின் கணக்குப் புத்தகம் கிடைத்தது. நம் ஓட்டுநர் கட்டுவது கைலி. வயிறு எவ்வளவு வளர்ந்தாலும் கைலி இறுக்கிப் பிடித்து எச்சரிக்காது. முடிச்சு சற்று இறங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எடை எந்திரமும் நம்மை ஏமாற்றக்கூடும். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கு ஒன்றாக இருந்தும், உடற்கொழுப்பு வேறாக இருக்கலாம். 2004இல் லான்செட்டில் யாஜ்னிக், யுட்கின் என்ற இரு விஞ்ஞானிகள் தங்கள் புகைப்படத்தையே வெளியிட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம்!

ஆதலால் இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் வகுத்துள்ளனர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். நாடா இல்லாவிட்டால் ஒரு கயிற்றில் 90 செ.மீட்டருக்கு முடிச்சுப் போட்டுக் கேபினில் தொங்கவிட்டால் போதும்.

கணக்கும் அதன் குறையும்

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. இப்போது டீயை எடுத்துக்கொள்வோம். ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, அதாவது 10 கிராம் என்றால் 40 கலோரி. தூக்கத்தை விரட்ட நாளைக்கு எட்டு டீ குடித்தால் சர்க்கரையால் மட்டும் 320 கலோரி. "சர்க்கரை பாதி" என்று கடைக்காரரிடம் சொன்னால் 160 கலோரி மிச்சம். எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் கூடுதலாகச் செலவாவது சுமார் 100 முதல் 120 கலோரிதான். அதாவது, நடக்க இடமில்லாத ஓட்டுநருக்கு, நடப்பதைவிடப் பெரிய பலன் ஒரு சொல்லில் கிடைக்கிறது! பாட்டில் குளிர்பானம் 250 மி.லி. குடித்தால் சுமார் 27 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அதற்குப் பதில் தண்ணீர் அல்லது நீர்மோர் குடிக்கலாம்.

டீ சர்க்கரையின் மிச்சம் மாதத்துக்கு 4,800 கலோரி. கணக்கின்படி அறுநூறு கிராமுக்குச் சற்று அதிகம் எடை குறைய வேண்டும். ஆனால் இந்தக் கணக்கையும் நாம் விமர்சிக்காமல் விடக்கூடாது. எடை குறையக் குறைய உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. ஆகவே எடை நேர்கோட்டில் இறங்காது. மூன்றாம் மாதம் இறக்கம் நின்றுபோனால், "எனக்கு ராசியில்லை" என்று கைவிட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் எடை குறையட்டும் என்று சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வண்டி எடுக்கலாகாது. இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். பலத்த குறட்டையும், நடுநடுவே மூச்சுத் தடைப்படுவதும், பகலில் தூக்கமும் உள்ளவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கழுத்துப் பகுதியில் சேரும் கொழுப்பு மூச்சுவழியை அடைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் பசியைக் கூட்டுகிறது. அவர் ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்தால் பலியாவது அவர் மட்டும் அல்ல.

நம் தீர்ப்பு

மாரிஸின் ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. இலண்டன் நடத்துநர் யாருடைய அறிவுரையைக் கேட்டும் படியேறவில்லை. வண்டிக்கு மாடி இருந்தது, வேலை அப்படி அமைந்தது, ஆகவே ஏறினார். நல்ல உடலை அவருக்குத் தந்ததில் அந்த வேலையின் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படியானால் லாரிக்காரரின் வேலை அமைப்பையும் அல்லவா நாம் பார்க்க வேண்டும்?

நம் நாட்டில் 1961இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, நெடுந்தூர வழிகளில் அதிகபட்சம் 10 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தை எந்த ஓட்டுநர் வீட்டிலும் கேட்டறியலாம். குறித்த நேரத்தில் சரக்குச் சேர்ந்தால்தான் அடுத்த லோடு என்ற நெருக்கடி இருக்கும்வரை, அரை மணி நடைக்கு வண்டியை நிறுத்த அவருக்கு மனம் வராது. நிறுத்தினாலும் நிழலும் தண்ணீரும் காவலும் உள்ள இடம் வேண்டும். எடை குறைய ஓட்டுநர் செய்ய வேண்டியது பாதி; வண்டி உரிமையாளரும் சரக்கு அனுப்புவோரும் அரசும் செய்ய வேண்டியது மீதி.

வாசக மாணவர்களே! உங்கள் அப்பாவோ மாமாவோ லாரி ஓட்டுபவராக இருந்தால், அடுத்த டிரிப்புக்குக் கிளம்பும்போது ஒரு சிறு நோட்டும் முடிச்சுப் போட்ட கயிறும் கொடுத்தனுப்புங்கள். எத்தனை மணி ஓட்டினார், எத்தனை மணி தூங்கினார், எத்தனை டீ, எத்தனை முறை கீழே இறங்கினார் என்று மட்டும் குறித்து வரச் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் இருவரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள். எங்கே குறைக்கலாம், எதை முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று அந்த நோட்டிலிருந்து இருவருமாக முடிவு செய்யலாம்.