சுடுநீரும் ஒரு கோரிக்கை

மெக்சிக்க நடிகை ரொசாவ்ரா ரெவுவெல்தாஸ் 1954ஆம் ஆண்டிற் கார்லோவி வாரி திரைப்பட விழாவிலே சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார். அப்பரிசை ஈட்டித்தந்த ‘மண்ணின் உப்பு’ என்னும் அமெரிக்கப் படத்தை நம்மவர் வேலைநிறுத்தக் கதையாக மாத்திரமே போற்றுகின்றனர். அப்போற்றுதலில் நடிகையின் கலை மறைந்து போயிற்று என்பதே எனது குறை.

ரெவுவெல்தாஸ் 1910இல் துராங்கோ மாநிலத்திற் பிறந்தவர். இசையமைப்பாளர் சில்வெஸ்த்ரே, ஓவியர் பெர்மின், நாவலாசிரியர் ஹொசே ஆகியோர் இவருடைய சகோதரர்கள். எமிலியோ பெர்னாண்டெசின் ‘வாழ்வில் ஒரு நாள்’ (1950) படத்தில், நாற்பது வயதளவில், மரண தண்டனை பெற்ற மகனைக் காணவரும் முதிய தாயாக நடித்தார். யூகோசிலாவிய மக்கள் அப்படத்தைக் கொண்டாடினர்.

‘மண்ணின் உப்பு’ உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. நியூ மெக்சிக்கோவில் எம்பயர் சிங்க் கம்பனியின் சுரங்கத் தொழிலாளர் 1950 ஒக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கினர். தொழிலாளர் மறியல் செய்யலாகாது என நீதிமன்றம் தடைவிதித்தது. தடையிலே பெண்களைப் பற்றிய பேச்சில்லை. எனவே மனைவியர் அவ்விடத்தை ஏற்றனர். இயக்குநர் ஹேர்பேட் பீபர்மன், காங்கிரஸ் விசாரணைக் குழுவுக்கு விடைகூற மறுத்துச் சிறைசென்றவர். நடித்தவருட் பெரும்பாலார் அத்தொழிலாளக் குடும்பத்தினரே. கதாநாயகன் றமோனாகத் தொழிற்சங்கத் தலைவர் யுவான் சக்கோன் தோன்றுகிறார்.

இத்தகையோர் நடுவே பயிற்சிபெற்ற நடிகை ஒருவர் நிற்பது ஆபத்தானது. அவருடைய திறமை மற்றவரை விழுங்கிவிடலாம். அல்லது வறுமை வேடமாகிவிடலாம். ரெவுவெல்தாஸ் தம் நடிப்பை அடக்கியே வைக்கிறார். முற்பகுதியில் அவருடைய எஸ்பெரான்சா பேசுவதிலும் பார்க்கக் கேட்டுக்கொண்டிருப்பதே அதிகம். வீட்டுக்குச் சுடுநீர் வேண்டும் என்ற பெண்களின் கோரிக்கையை ஆண்கள் அற்பமெனத் தள்ளுகின்றனர். பின்னர் மனைவி சிறைசெல்ல, துணி துவைத்துக் காயப்போடும் றமோனுக்குத்தான் அதன் நியாயம் விளங்குகிறது. அடிக்க ஓங்கிய கணவனின் கையை அவள் எதிர்கொள்ளும் காட்சியில் வீராவேசம் இல்லை. அதனாலேயே அவன் மட்டுமன்றி நாமும் வெட்குகிறோம். ஷெரிப்பும் கம்பனிக்காரரும் அட்டைப் பொம்மைகள், சில வசனங்கள் துண்டுப்பிரசுர வாடையுடையன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வசனங்களையும் உயிருள்ள பேச்சாக்குவது இவருடைய குரலே.

அக்குரலின் கதையையும் அறிதல் வேண்டும். 1953 பெப்ரவரியில், படப்பிடிப்பு முடியுமுன்னரே, கடவுச்சீட்டில் நுழைவு முத்திரை இல்லையென்று குடிவரவு அதிகாரிகள் இவரைக் கைதுசெய்தனர். முத்திரையிடும் கடமை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை! இவர் மெக்சிக்கோவுக்குத் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய காட்சிகள் சிலவற்றில் வேறொரு பெண்ணைப் பின்புறமாக நிறுத்திப் படம்பிடித்தனர். சிலவற்றை மெக்சிக்கோவில் எடுத்தனர். படம் முழுவதும் ஒலிக்கும் கதைசொல்லும் குரலும் எல்லைக்கு அப்பாலேயே பதிவாயிற்று. படச்சுருளைக் கழுவ ஆய்வுகூடங்கள் மறுத்தன. திரையிடும் தொழிலாளரின் சங்கமே எதிர்த்து நின்றது. தொழிற்சங்கப் படத்துக்குத் தொழிற்சங்கமே தடை!

1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு அப்படத்தை ஏற்றது. நடிகைக்கோ வாய்ப்புகள் அருகின. ஐம்பதுகளின் பிற்பகுதியிற் கிழக்கு பேர்லினில், பிறெக்ட் நிறுவிய பேர்லினர் அன்சாம்பிள் நாடகக் குழுவிற் பணியாற்றினார். மெக்சிக்கத் திரையில் மீண்டும் சில வேடங்கள் வந்தது எழுபதுகளிலேதான். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.