நித்திய ஜீவனும் பெயரற்ற மரணங்களும்

மறுமையைப் பாடும் இலக்கியத்தை 'அபினி' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் பழக்கம் முற்போக்கு விமர்சகர் சிலரிடம் உண்டு. அவ்விலக்கியம் எந்த மனிதரின் மரணத்தைப் பாடுகிறது, எவருடைய மரணத்தைப் பாடாமல் விடுகிறது என்று கேட்பதே விமர்சனத்தின் கடமை என நாம் கருதுகிறோம்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக அமைந்த காப்பியம் அது. யாத்திரிகன் முதுகுச் சுமை நீங்கி, மரண நதியைக் கடந்து, மோட்ச நகர் சேர்கிறான். திருநெல்வேலிச் சீமையில் வைணவராய்ப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர், கம்பனில் ஊறிய தமிழைக் கைவிடாமலே தம் புதிய நம்பிக்கையைப் பாடினார். அதன் கவிச்சிறப்பை மறுப்பதற்கில்லை.

ஆயின் அக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேறொரு யாத்திரையும் நடந்துகொண்டிருந்தது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்களுள் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். பின்னர் தேயிலை வந்தது. அதனைத் துறைமுகத்துக்கு இறக்கும் புகையிரதப் பாதை, 6,200 அடிக்கு மேலுள்ள பட்டிப்பொலவைத் தாண்டி, அதே 1894இல் பண்டாரவளையை எட்டியது. அம்மலைகளில் உழைத்து மடிந்தோரைப் பாட அன்று காப்பியம் எழவில்லை.

அக்குறையைப் பின்னாளில் தீர்க்க முயன்றவர், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதையைச் சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அதில் இறந்தோர் எந்த நகரையும் சேர்வதில்லை. நினைவுக்கல்லும் இன்றித் தேயிலையின் அடியில் கிடக்கின்றனர்.

இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம். எனினும் கிறிஸ்தவ நம்பிக்கை, ஆன்மா அழியாதது என்பதோடு நிற்பதன்று. சரீரமே உயிர்த்தெழும் என்பது அதன் விசுவாசப் பிரமாணம். மீட்கப்பட்டோரின் பெயர்கள் ஜீவ புஸ்தகத்தில் எழுதப்பட்டுள்ளன என்பது வேதாகமத்தின் வாக்குறுதி. கூடை சுமந்து தேய்ந்த உடலும் அதற்குரிய பெயரும் ஆண்டவன் முன் மதிப்புடையவை என்பதே இதன் பொருள். அவ்வாறாயின், உயிரோடிருக்கையில் செக்ரோலில் பெயரெழுதி, இறந்ததும் அடித்துவிடும் ஏற்பாட்டை அந்நம்பிக்கை எப்படி ஒப்புக்கொள்ளும்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியபோதும் பதிவேட்டில் மறுக்கப்பட்டது பெயரே. அவ்வநீதியை நீக்கும் சட்டங்கள் 2003வரை தேவைப்பட்டன.

யாத்திரிகனின் சுமையைப் பாவமாக மட்டுமே கண்டது கிருஷ்ணபிள்ளையின் குறை. பிறர் முதுகில் மனிதர் ஏற்றிய சுமை அவர் காப்பியத்தில் இல்லை. வேலுப்பிள்ளை அதைக் கண்டார். ஆனால் நாளைய தலைமுறை பெறும் விடுதலை நேற்று மாண்டவனுக்கு என்ன தரும்? முற்போக்காளர் தட்டிக்கழிக்கும் இக்கேள்வியை, நித்திய ஜீவனை நம்புவோர் விடாது பற்றி நிற்கின்றனர். அது அவர்களுடைய பலம்.

அப்பலத்தைக் கூலிக் குறைவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உபதேசமாக்குவோர் தம் வேதத்தையே மறுக்கின்றனர். உயிர்த்தெழுதலை மெய்யாக நம்புவோர், தேயிலைக்கடியில் கிடப்போரின் பெயர்களைத் தேடி எழுதும் பணியில் முன்நிற்கட்டும். நம்பாத நாமும் அப்பணியில் அவர்களோடு நிற்கக் கடமைப்பட்டுள்ளோம்.